வித்துடலாமுங்க அப்பாரு!

எங்க மயிலை, காங்கேயம் இனம். ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தாண்டாது. பக்கத்துத் தோட்டத்து ஜெர்சி கலப்பு பன்னெண்டு லிட்டர்! இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? 'வித்துடலாமுங்க அப்பாரு' என்று கணக்குப் போட்டு நீட்டினேன்.

மனுஷன் பேசாமல் கொரங்காட்டுக்குக் கூட்டிப் போனார். கிளுவை வேலிக்குள், காய்ந்த கொழுக்கட்டைப் புல்லையும் உதிர்ந்த வெள்வேலங்காயையும் மேய்ந்துகொண்டிருந்தது மயிலை. 'ஏங்கண்ணு, மழை பொய்ச்ச வருசத்துல ஜெர்சிக்கு வாங்குற தீவனச் செலவை உன்ற கணக்குல காணோமே?'

சுருக்கென்றது. 2017-ல் ஸ்கூல் பையனாக ஜல்லிக்கட்டுக்குக் கோஷம் போட்டவன் நான். காளை மட்டும் வேணும், அதை ஈனுற பசு வேணாமா?

போன மாசம் மயிலை கன்று போட்டது. இப்போ செக்கச்செவேல். ஆறு மாசத்தில் நிறம் மாறி அதுவும் மயிலையாகிடுமாம். நான் ஒரே சாயங்காலத்தில் மாறிட்டேன்!