பளையில் ஒரு காலைப்பொழுது

கள் என்ற சொல்லை வாயில் எடுக்கவே தயங்கும் பெண்கள் நம்மில் அநேகர். நானும் அப்படித்தான் இருந்தேன். எனது தந்தையார் படலையைத் திறப்பதற்கு முன்னரே கள் மணம் வீட்டுக்குள் வந்துவிடும். அம்மா விளக்கைத் தணித்து எங்களைப் பாயில் படுக்கச் சொல்வார். 1995 இடப்பெயர்வின் பின்னர் அவர் கள்ளை விட்டுக் கசிப்புக்கு மாறினார். மூன்று வருடங்களில் இறந்துபோனார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் சென்ற சித்திரை மாதம் பளைக்குப் போய்க் கள்ளைச் சுவைத்துப் பார்த்தேன் என்றால் என் சகோதரிகளே நம்பமாட்டார்கள்.

பளையில் இருக்கும் அக்காவை 2009 இல் செட்டிகுளம் முகாமில் சந்தித்தேன். இருவரும் ஒரே கூடாரத்தில் இருந்தோம். அவரது கணவர் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். "பனை சீவுற காலத்திலை ஒருக்கா வந்து நில்லும்" என்று அவர் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இம்முறை கிளிநொச்சியில் பஸ் ஏறினேன்.

ஆனையிறவைத் தாண்டும்போது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. 2002 இல் பாதை திறந்தபோது இதே வழியால் போனது ஞாபகம் வந்தது. அப்போது பளைக்கும் முகமாலைக்கும் இடையில் வீதியின் இரு பக்கமும் தலையில்லாத பனைகள் நின்றன. பனைக்கு உச்சியில் ஒரேயொரு குருத்துத்தான். ஷெல் பட்டு அது போனால் மரம் மீண்டும் துளிர்க்காது. இன்று அந்த மொட்டைப் பனைகளுக்கு இடையில் வடலிகள் வளர்ந்து நிற்கின்றன. ஆனால் வடலி பாளை தள்ளுவதற்குப் பதினைந்து, இருபது வருடங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

அக்காவின் காணியில் தப்பிய பனைகள் பதினொன்று. தென்னைகள் நான்கு. நான் போய்ச் சேர்ந்தபோது பொழுதுபட்டுவிட்டது. அக்கா அரைத்த மாவில் தென்னங்கள் ஊற்றிக் குழைத்துக்கொண்டிருந்தார். "விடிய அப்பம்" என்றார். நான் மூக்கைச் சுளித்ததைக் கண்டு சிரித்தார்.

விடிவதற்கு முன்னரே சீவல் தொழிலாளியான ஐயா வந்துவிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர். தளநாரைக் காலில் மாட்டி, இடுப்பில் பாளைக் கத்தியுடன் ஏறினார். பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவி முட்டியைக் கட்டுகிறார். காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏற வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பாளை காய்ந்துவிடும்.

திராட்சை மதுவை முகர்ந்து, ஒரு வாய் வைத்து, அதன் தரத்தைச் சொல்பவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். அன்று அக்காவின் முற்றத்தில் எனக்கும் அந்த வேலை கிடைத்தது. ஐயா பனையோலையில் பிளா கோலித் தந்தார்.

முதலில் கருப்பணி. இது முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசி எடுப்பது. நல்ல இனிப்பு. முடிவில் சுண்ணாம்பின் இலேசான காரம் நாக்கில் நின்றது. அக்கா மாங்காய்த் துண்டு ஒன்றை அதற்குள் போட்டுத் தந்தார். புளிப்பும் இனிப்புமாக இன்னும் ஒரு பிளா கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இரண்டாவது, சுண்ணாம்பு பூசாத முட்டியில் இறக்கிய பனங்கள். அதே பனை இனம், அதே காலை நேரம். ஆனால் நுரை பொங்கி நின்றது. காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் இரவோடிரவாகச் சீனியை மதுவாக மாற்றத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு இருந்தால் அவை வேலை செய்யா. பயத்துடன் ஒரு வாய் வைத்தேன். முதலில் இனித்தது, பிறகு புளித்தது, நாக்கில் சுறுசுறுத்தது. நன்றாக இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

மூன்றாவது தென்னங்கள். இது பனங்கள்ளை விட மென்மை.

நான்காவது முதல் நாள் கள். அதைக் கிட்டக் கொண்டுவந்ததுமே என் கை பின்வாங்கியது. அதுதான் எங்கள் படலை மணம். நாற்பது வருடங்கள் கழித்தும் என் உடம்பு அதை மறக்கவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் அந்தப் பிளாவை வாங்கி வாழையடியில் ஊற்றினார்.

பிறகு அடுப்படியில் இருந்து கதைத்தோம். "கள்ளுக்குக் குடுத்தால் உடனே காசு. பனங்கட்டிக்கு விறகு வேணும், மூண்டு மணித்தியாலம் கிண்ட வேணும்" என்றார் அக்கா. எட்டு லீற்றர் அளவு கருப்பணியைக் காய்ச்சினால் ஒரு கிலோ பனங்கட்டி கிடைக்கும். மழை இருண்டால் பனங்கட்டி இளகும். ஐயா பதினொரு மரத்தையும் கள்ளுக்கே கேட்டாராம். அவரிலும் பிழையில்லை. உயிரைப் பணயம் வைத்து ஏறுபவர், கள்ளைச் சங்கத்தில் கொடுத்தால் அன்றன்றே கணக்கு முடியும்.

"அப்ப என்ன செய்தீங்கள்?"

"ஆறு மரம் அவருக்குக் கள்ளுக்கு. அஞ்சு மரம் எனக்குக் கருப்பணி. அதுதான் குத்தகை. ஆறு மரத்துக் கள்ளும் ஆற்றையோ வீட்டுக்குத்தான் போகுது எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனா அந்த ஆறு மரத்தாலைதான் அவர் என்ரை அஞ்சு மரத்திலை ஏறுறார். நான் ஏறேலாது."

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கணவன் குடிப்பதால் அடி வாங்கும் பெண்களை நான் அறிவேன். அந்த அஞ்சு மரத்தால் பள்ளிக்கூடம் போன அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் அறிவேன். கருப்பணியை உடன் வாங்கிக் காய்ச்ச நாலு பெண்கள் சேர்ந்தால் சீவுபவரும் அதற்கு விருப்பப்படுவார் என்று அக்கா சொன்னார். அயலில் இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்களாம். இன்னும் இரண்டு பேரைத் தேடுகிறார்.

அப்பம் வந்தது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு, மேலே தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும். முதல் துண்டை வாயில் வைத்ததும் திகைத்துப் போனேன். இது என் அம்மாவின் அப்பம். இடம்பெயர்ந்த பின் எத்தனையோ கடையில் சாப்பிட்டும் கிடைக்காத அதே சுவை.

ஒரு குட்டான் பனங்கட்டியும், வெங்காயம் ஊறப்போட ஒரு போத்தல் கள்ளு வினாகிரியும் அக்கா கட்டித் தந்தார். வீடு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, எங்கட வீட்டு அப்பத்துக்கு என்ன விட்டுக் குழைச்சனீங்கள்?"

அம்மா பனங்கட்டியை நுனிப்பல்லால் கடித்து, வெறுந்தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"வேறென்ன, கொப்பர் கொண்டாற கள்ளுத்தான். மிச்சம் விட்டால் அடுத்த நாள் அப்பம்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தவர் மீண்டும் சொன்னார்:

"அப்பம் சுட்ட நாள் குறைவு, பிள்ளை."