என்ர தாரா

நொட்டிங்ஹாமுக்கு வந்திறங்கிய முதல் வாரம். கடைக்குப் போய் வந்த அம்மா, கையிலிருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் ஐயாவிடம் முறையிட்டார்: "பஸ்ஸில டிக்கெட் குடுக்கிற மனுசன் என்னைத் தாரா எண்டு கூப்பிடுறான்."

ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அன்று காலை அவரையும் ஒரு கிழவி அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். வார்டு கூட்டும் பெண்ணும் கூப்பிட்டாள். "இஞ்ச எல்லாரும் தாராதான்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றப் போனார்.

அது 1960. எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் நான்காம் வகுப்பில் பாதியில் விட்டு வந்தவன்.

"ஏ உப், மீ டுக்" என்பதுதான் அந்த ஊரின் வணக்கம். 'ஏ உப்' என்றால் என்ன சங்கதி; 'மீ டுக்' என்றால் என்ர தாரா. ஆண் பெண், சின்னவர் பெரியவர் என்ற பேதம் கிடையாது. முறுக்கு மீசைக்காரன் ஒருவன் இன்னொரு முறுக்கு மீசைக்காரனை டுக் என்பான். முன்பின் தெரியாத கிழவி ஒழுங்கையில் மறித்து "என்ன மோனை, ஆற்றை பிள்ளை?" என்று நம்மைக் கேட்பதில்லையா, அந்த மாதிரி. அம்மாவுக்கும் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. ஒருமுறை லண்டனுக்குப் போய் நாலு நாள் நின்றுவிட்டு வந்தவர், "அங்க ஒருத்தரும் தாரா எண்டு கூப்பிடேல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

டக் அல்ல, டுக். இதை எழுதிக் காட்ட ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து தோதானது. அந்த ஊரில் கப் 'குப்', பஸ் 'புஸ்', லவ் 'லுவ்'. லண்டன்காரன் 'பாத்' என்று நீட்டிக் குளிப்பான். இவர்கள் 'பத்' என்று குறிலிலேயே குளித்து முடித்துவிடுவார்கள். சொல்லின் கடைசியில் வரும் இகரம் எகரமாகத் தேயும். சிட்டி 'சிட்டெ' ஆகும். ஆங்கிலம் படித்துத்தான் ஐயா டொக்டரானார். ஆனாலும் முதல் மாதம் நோயாளிகள் சொன்னதில் பாதி அவருக்கு விளங்கவில்லை. 'டாப்' வலிக்கிறது என்று ஒருவர் வந்து நின்றாராம். டாப்லெட் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை போல என்று இவர் மருந்துச் சீட்டைத் தேடியிருக்கிறார். டாப் என்றால் காது.

வீடுகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய நடைபாதைக்கு அங்கே 'ட்விட்செல்' என்று பெயர். எனக்கு அதைக் கேட்டதும் ஒழுங்கை என்றே பட்டது. கிடுகுவேலிக்குப் பதில் செங்கல் மதில், அவ்வளவுதான். தேநீரை ஊற்றமாட்டார்கள், 'மாஷ்' பண்ணுவார்கள். உருண்டைப் பாண் 'கொப்'. சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் மத்தியானச் சாப்பாடு 'ஸ்நாப்'. சைக்கிள் பாரில் ஆளை ஏற்றிக்கொண்டு போனால் அது 'குரொகி'. நாங்கள் டபிள்ஸ் என்போம். வானம் கறுத்தால், பில்லின் தாய் வீட்டுப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது என்பார்கள். பில் யார், அவனுடைய தாய் எங்கே குடியிருந்தாள் என்பது அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் சரியாக ஒரே திசையைக் காட்டுவார்கள்.

நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் உள்ள பெரிய சதுக்கத்தின் உத்தியோகபூர்வப் பெயர் ஓல்ட் மார்க்கெட் ஸ்குவேர். அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'ஸ்லாப் ஸ்குவேர்' என்பார்கள். தரையெல்லாம் கற்பலகை பாவியிருந்ததால் வந்த பெயர். நகரசபைக் கட்டடம் 1929இல் திறக்கப்பட்டது. வாசலில் இரண்டு கற்சிங்கங்கள். யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் இடது சிங்கத்தடியில் நில் என்றால் போதும். வலது சிங்கத்தடியில் எவரும் எவரையும் சந்தித்ததாக எனக்கு நினைவில்லை. மேலே குவிமாடத்துக்குள் 'லிட்டில் ஜோன்' என்ற மணி, 10 டன்னுக்கு மேல் எடை. அது அடித்தால் ஒலி முதலில் நெஞ்சுக்குள்தான் கேட்கும்.

அந்தச் சுற்றுவட்டாரத் தெருக்களில் சில கேட் என்று முடியும். வீலர் கேட், காஸில் கேட். வாசலைத் தேடி நான் நடந்திருக்கிறேன். 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க் பக்கத்திலிருந்து வந்து அந்த வட்டாரத்தைப் பிடித்தவர்களின் மொழியில் அதற்குத் தெரு என்று அர்த்தமாம். வந்தவர்கள் போய் ஆயிரம் ஆண்டாகிவிட்டது. பெயரை மாற்ற எவரும் மெனக்கெடவில்லை.

1962இன் தொடக்கத்தில் பதினோராம் வயதுச் சோதனை எழுதினேன். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பிள்ளைகளை அந்த வயதில் சலித்துப் பிரிப்பார்கள். தேறியவர்களுக்குக் கிராமர் ஸ்கூல். தேறாதவர்களுக்கு வேறு பள்ளி, பெரும்பாலும் பதினைந்து வயதில் வேலை. நாடு முழுவதும் ஏறத்தாழ நாலில் ஒரு பிள்ளைக்குத்தான் கிராமர் ஸ்கூலில் இடம். எனக்குக் கிடைத்தது. ஊருக்கு எழுதினோம். அப்பு பதில் போட்டிருந்தார்: "இலக்கணப் பள்ளியில் சேர்ந்ததையிட்டு மிக்க மகிழ்ச்சி. நன்னூல் படிப்பிக்கினமோ?"

நன்னூல் இல்லை, லத்தீன் இருந்தது. இலக்கணப் பள்ளி என்ற பெயரே லத்தீன் இலக்கணத்தால் வந்ததுதான். கென்னடி எழுதிய லத்தீன் பாடநூலின் அட்டையில், தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் செய்துவந்தபடி, எழுத்துகளைத் திருத்தி லத்தீனை 'ஈட்டிங்' ஆக்கி வைத்திருந்தோம். முதல் பாடம் வேற்றுமை. வகுப்பே தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் அது பழைய வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. மேசையே என்று மேசையை எதற்குக் கூப்பிடுவது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். விளி வேற்றுமை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்பு ஐந்து வயதிலேயே திண்ணையில் இருத்திச் சொல்லித் தந்தது. மீ டுக் என்பதும் விளிதானே.

பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே எல்லாரையும் குடும்பப் பெயரால் கூப்பிட்டார்கள். ஆசிரியர்கள் கறுப்பு அங்கி போட்டிருந்தார்கள். முதலாம் ஆண்டுப் பையன்கள் அரைக் காற்சட்டை. அந்தக் குளிர்காலம்தான் 1962–63. நத்தாருக்கு மறுநாள் தொடங்கிய பனி மார்ச் வரை போகவில்லை. முழங்கால் நீலம் பாரித்து நான் நடுங்கியபோது பக்கத்தில் நின்றவன் கேட்டான்: "நெஷ்ஷா நீ?" குளிர் தாங்கமாட்டாதவன் நெஷ். பழைய ஆங்கிலத்தில் மெத்தென்றது என்ற பொருளில் இருந்த சொல். அகராதியில் தேடி வைத்திருக்கிறேன். கேட்டவன் தன் கழுத்துச் சால்வையை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டான்.

அவன் மெடோஸ் பகுதிப் பையன். ட்ரென்ட் ஆற்றுக்கு இந்தப் பக்கம், தோளோடு தோள் ஒட்டிய செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக நின்ற இடம். தகப்பன் கிளிப்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அவனுடைய ராலி சைக்கிளின் பாரில் குரொகி அடித்துத்தான் நான் அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தேன். ராட்ஃபோர்ட் பக்கம் போனால் பிளேயர்ஸ் சிகரெட் தொழிற்சாலையின் புகையிலை வாசம் காற்றிலேயே நிற்கும். பூட்ஸ், பிளேயர்ஸ், ராலி. மருந்து, சிகரெட், சைக்கிள். ஊரில் பாதிப் பேருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் சோறு போட்டது என்று சொல்லலாம்.

ஒக்டோபரில் கூஸ் ஃபேர். ஃபாரெஸ்ட் மைதானத்தில் பல நூற்றாண்டுப் பழைய சந்தை; பெயர்தான் வாத்துச் சந்தை, நான் ஒரு வாத்தும் கண்டதில்லை. மசித்த பட்டாணியில் புதினாச் சோஸ் ஊற்றித் தருவார்கள். அவனுடைய தாய் அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "பருப்பு நல்லாத்தான் அவிஞ்சிருக்கு. தாளிக்க மறந்திட்டாள்."

இரண்டாம் ஆண்டு. லத்தீன் வகுப்பு. பலகையில் ஒரு வாக்கியம்: பூவெர் திரிஸ்திஸ் எஸ்ட். ஆசிரியர் அவனை எழுப்பினார். அவன் எழுந்து யோசிக்காமல் சொன்னான்: "பையன் மார்டியாக இருக்கிறான்." மார்டி என்று எழுதினேனே தவிர, அவன் சொன்னது 'மாடெ'.

வகுப்பில் பாதி சிரித்தது. அந்தச் சொல்லை வீட்டில் நாளுக்கு நாலு தரம் கேட்கிறவர்கள்தான் சிரித்தார்கள். இது எந்த நாட்டு மொழி என்று ஆசிரியர் கேட்டார். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னான். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். மூன்றாம் தரம் அவன் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். கடல் கடந்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் தெரிகிறது, இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியவில்லையே என்று சொல்லி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். நான் எழுந்து நின்று, நெடிலை நெடிலாகவும் குறிலைக் குறிலாகவும் உச்சரித்து, பையன் துக்கமாக இருக்கிறான் என்றேன். கெட்டிக்காரன் என்றார்.

திரிஸ்திஸ் என்ற சொல்லுக்குத் துக்கம் என்பது ஒரு பொருள்தான். கடுகடுப்பு, சிடுசிடுப்பு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருத்தல் எல்லாம் அதற்குள் உண்டு. மார்டி என்றால் அச்சொட்டாக அதுதான். நாம் உம்மணாமூஞ்சி என்போமே, அது. பெரிய லத்தீன் அகராதியைப் பல்கலைக்கழகத்தில் புரட்டியபோதுதான் இதைக் கண்டுகொண்டேன். என் விடை வெறும் வாய்ப்பாடு. அவன் சொன்னதுதான் மொழிபெயர்ப்பு.

அதற்குப் பிறகு அவன் வகுப்பில் ஒரு சொல், இரண்டு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. வெளியில் பழையபடிதான். எனக்குச் சால்வை சுற்றியவனுக்கு எதிராக என்னைப் பிரம்பு மாதிரி எடுத்து ஓங்கினார்கள் என்பது பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. பாராட்டு இனித்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

ஊரில் எங்கள் வாத்தியாரும் கொப்பியில் பேச்சுத் தமிழ் எழுதினால் சிவப்பால் வெட்டுவார். ஆனால் வெட்டி முடித்து நிமிர்ந்து, "என்ன மோனை, சாப்பிட்டிட்டியே?" என்பார். இரண்டு தமிழும் ஒரே வாயில் இருந்தன. எழுத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இலக்கணப் பள்ளியில் அந்த ஏற்பாடு கிடையாது. ஒன்று வேண்டுமென்றால் மற்றதை வாசலில் கழற்றிவிட்டு வர வேண்டும்.

இத்தனைக்கும் அந்த ஊர்ப் பேச்சு இலக்கியத்துக்கு அந்நியமானதல்ல. டி. எச். லாரன்ஸ் பக்கத்து ஈஸ்ட்வுட் சுரங்கத் தொழிலாளியின் மகன். தகப்பன் வாயில் வட்டாரப் பேச்சு, தாய் வாயில் திருத்தமான ஆங்கிலம். 1898இல் உதவித்தொகை வாங்கி நொட்டிங்ஹாம் ஹை ஸ்கூலுக்கு வந்தவர். 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவல் மீதான வழக்கு நாங்கள் வந்த அந்த 1960இல்தான் லண்டனில் நடந்து முடிந்தது. பிறகு எங்கள் வகுப்புகளிலும் அது பழுப்புத் தாள் உறை போட்டுக்கொண்டு உலவியது. மற்றவர்கள் தேடிய பக்கங்களை நானும் தேடினேன், மறுப்பதற்கில்லை. ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. அதன் நாயகன் மெல்லர்ஸ் கிராமர் ஸ்கூலில் படித்தவன். திருத்தமான ஆங்கிலம் பேசத் தெரிந்தவன். வேண்டுமென்றே ஊர்ப் பேச்சுக்குத் திரும்புகிறான். அப்படியும் ஒருவன் இருக்கலாம் என்று எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. ராலி தொழிற்சாலையை நாவலுக்குள் கொண்டுவந்த ஆலன் சில்லிட்டோவோ 14 வயதில் பள்ளியை விட்டு அதே தொழிற்சாலைக்குப் போனவர்.

எனக்குச் சால்வை சுற்றியவன் 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ராலியில் சேர்ந்தான். நான் ஆறாம் படிவத்துக்குப் போனேன். 1968இல் கார்ஃபீல்ட் சோபர்ஸ் நொட்டிங்ஹாம்ஷயர் அணிக்கு விளையாட வந்தார். ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானத்துக்கு நாங்கள் சேர்ந்து போவதாக இருந்தது. எனக்குப் பரீட்சை. அவன் தனியாகப் போனான். அந்த ஓகஸ்ட் கடைசியில் சுவான்ஸியில் சோபர்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தார். அன்று மாலை அவனைத் தேடிப் போய்க் கத்தியிருக்க வேண்டும். போகவில்லை.

மூன்று வருடம் முன்பு நொட்டிங்ஹாமுக்குப் போனேன். கொப் விற்கும் சின்னக் கடை ஒன்றில் முக்காடு போட்ட இளம்பெண் நின்றாள். பாகிஸ்தான் பக்கத்துப் பூர்வீகமாக இருக்கலாம். சீஸும் வெங்காயமும் வைத்தது ஒன்று கேட்டேன். வேறேதும் வேண்டுமா டுக் என்றாள், உகரம் சற்றும் பிசகாமல். மார்டி என்ற சொல்லை இப்போது நாடே அறியும். ஷெஃபீல்ட் இசைக்குழு ஒன்று 2006இல் அதைப் பாட்டில் வைத்துவிட்டது. மெடோஸின் பழைய வரிசை வீடுகள் 70களிலேயே இடிபட்டுவிட்டன. இடது சிங்கம் அங்கேயே இருக்கிறது.

அந்தச் சிங்கத்தடியில்தான் அவனைக் கடைசியாகக் கண்டேன், 1969 செப்டெம்பரில். பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட இரண்டு நாள் இருந்தது. வேலை முடிந்து எண்ணெய்க் கறைக் கையோடு வந்தவன் தூரத்திலேயே கையை உயர்த்தினான். "ஏ உப், யூத்!" யூத் என்றால் தம்பி. நான் "ஹலோ, ஹவ் ஆர் யூ?" என்றேன். பள்ளியில் படித்த ஆங்கிலம், ஒரு பிசிறில்லை. அவன் ஒரு கணம் பார்த்துவிட்டு, மிக்க நலம், நன்றி என்று அதே ஆங்கிலத்தில், அதே மாதிரி திருத்தமாகப் பதில் சொன்னான். அவனுக்கும் அது வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அவனுடைய பஸ் வந்தது.

நொட்டிங்ஹாமில் ராலி சைக்கிள் செய்வது 2002இல் நின்றது. அவன் வேலை செய்த நிலத்தில் இப்போது பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கின்றன.