இரண்டு பிரி

ஜூன் 3, செவ்வாய்
கயிறு வந்துவிட்டது. எட்டுக் கட்டு. மைனியே தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டாள். "ஒனக்கு எதுக்குட்டி இம்புட்டு? கெணத்துக்கா?" பதில் சொல்லவில்லை. அவள் போனதும் கட்டைப் பிரித்து முகர்ந்தேன். மாதக்கணக்கில் காயல் சேற்றில் ஊறிய கதம்பை. அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 5, வியாழன்
விடாத மழை. முடிச்சுப் போடத் தொடங்கினேன். இடது பெருவிரல் எரிகிறது. மெஷின் கயிறு என்றால் இந்நேரம் ஒரு முழம் ஏறியிருக்கும். ஆனால் அது எங்கே தொட்டாலும் ஒரே தடிமன். மைனியின் கயிறு அப்படியில்லை. தும்பு கூடுதலாகத் தள்ளிய இடத்தில் தடிக்கிறது, கை சோர்ந்த இடத்தில் மெலிகிறது. தடித்த இடம் வந்ததும் முடிச்சு புடைத்துக்கொண்டது. சிற்பத்தின் தோள் அங்கேதான்.

ஜூன் 6, வெள்ளி
ஒன்றும் ஓடவில்லை. கழுத்து வலி. எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிடலாமா?

இரவு சிற்பி மிருணாளினி முகர்ஜியின் சிற்பங்களின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரைபடம் கிடையாது. சின்ன மாதிரி கிடையாது. சணல் கயிற்றை முடிந்து முடிந்தே ஆள் உயரத்துக்கும் மேலே கொண்டுபோயிருக்கிறாள். கைவினை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 2015இல் தில்லியில் அவளுடைய பெரிய கண்காட்சி திறந்தது. சில நாளில் இறந்துபோனாள். தூக்கம் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்
மைனி வீடு. ராட்டு சுற்றுவது பக்கத்து வீட்டு ஆச்சி. மைனி இடுப்பில் தும்பைக் கட்டிக்கொண்டு, பின்னாலேயே நடந்தபடி விரலால் விட்டுக்கொண்டே போகிறாள். இரண்டு பிரிக்கும் ஒரே பக்கம் முறுக்கு. பிறகு நடுவில் பள்ளம் வெட்டிய கட்டையை வைத்து இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குகிறார்கள். பிரி அவிழப் பார்க்கும், கயிறு விடாது. அந்த இழுபறிதான் பலம்.

அவள் உள்ளங்கையை வாங்கிப் பார்த்தேன். ரேகை தெரியவில்லை. தேய்ந்த அம்மி மாதிரி வழவழப்பு. "பாக்காதட்டி" என்று இழுத்துக்கொண்டாள்.

ஜூன் 12, வியாழன்
தொங்கவிட்டேன். சுற்றுகிறது. தானாக, மெதுவாக, ஒரே பக்கமாக. பாரம் இழுக்க இழுக்க முறுக்கு அவிழப் பார்க்கிறது. எரிச்சலாக இருக்கிறது. முன்பக்கம் எப்போது பார்த்தாலும் சுவர்ப் பக்கம் போய் நிற்கிறது.

ஜூன் 14, சனி
எதிர்முறுக்கில் ஒரு கயிறு கேட்டேன். "ராட்டைத் திருப்பிச் சுத்தணும். கை பழகல்லே" என்றாள் மைனி. ஆனாலும் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துக் கட்டித் தூக்கினேன். நின்றது! அசையவே இல்லை. சந்தோஷத்தில் ராத்திரிச் சாப்பாடு மறந்துபோனது.

ஜூன் 15, ஞாயிறு
நிற்கிறது. கேட்டது இதைத்தான். உயிர் போய்விட்டது.

ஜூன் 16, திங்கள்
எதிர்க்கயிற்றை அவிழ்த்தேன். சுற்றட்டும். சுவரை விட்டுத் தள்ளி, கூடத்தின் நடுவில். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். மைனியிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 17, செவ்வாய்
ஈரக்காற்று. கயிறு கனத்துவிட்டது, சுற்றும் வேகமும் மாறியிருக்கிறது. பெருவிரலில் சீழ். காட்சிக்கூடத்திலிருந்து போன். பலகைக்கு விவரம் வேண்டுமாம். தலைப்பு, என் பெயர், 'தென்னை நார், இரும்பு'. அவ்வளவு போதுமாம்.

மைனி வந்து பார்த்தாள். வெகுநேரம் நின்றாள். தோளைத் தொட்டு, "இது அன்னைக்கு ஆச்சி ராட்ட நிறுத்திட்டு வெத்தலை போட்ட எடம்" என்றாள்.

ஜூன் 18, புதன்
'கயிறு திரித்தவர்கள்' என்று மைனி பெயரையும் ஆச்சி பெயரையும் சேர்த்து அனுப்பினேன். பலகையில் இடமில்லையாம். வெண்கலம் வார்ப்பவர் பெயரைக்கூட யாரும் போடுவதில்லையாம். அதுவும் தப்புதான். இரண்டு பெயரும் இல்லாமல் இது இந்த வீட்டை விட்டுப் போகாது. அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.