பிறந்த வீடும் புகுந்த மரபும்

யூத மதம் ஆள் சேர்க்கும் மதமன்று. நேர்மையாக வாழும் பிற மதத்தாருக்கும் மறுமையில் பங்குண்டு என்பது அதன் கொள்கை. ஆகவே சேர விரும்பி வருபவரை உடனே வரவேற்காமல் ராபி என்னும் யூத மதகுரு தயங்கவைப்பதே வழக்கம். இவ்வளவு துன்பப்படும் மக்களோடு எதைக் கண்டு சேர வந்தாய் என்று கேட்கச் சொல்கிறது யூதச் சட்ட நூலான தல்மூத். தெரிந்தேதான் வந்தேன் என்பவரை ஏற்றுக்கொண்டு, கடினமான கட்டளைகளில் சிலவற்றையும் எளியவற்றில் சிலவற்றையும் சொன்னால் போதும். அதற்கு மேல் அச்சுறுத்தக் கூடாது என்றும் அதுவே கூறுகிறது.

அதன்பின் படிப்பு. பண்டிகைகளின் ஒரு முழுச் சுற்றையாவது வாழ்ந்து பார்க்கட்டும் என்று பல ராபிகள் ஓராண்டேனும் காத்திருக்கச் சொல்வர். முடிவில் மூவர் அடங்கிய சமய மன்றம் விசாரிக்கும். ஆணுக்கு விருத்தசேதனம் உண்டு. முன்பே செய்திருந்தால் ஒரு துளி இரத்தம் எடுப்பர். பின்னர் மிக்வே என்னும் சடங்குக் குளத்தில் உடல் முழுதும் மூழ்க வேண்டும். யூதருள் மரபில் கண்டிப்பான ஆர்த்தடாக்ஸ் பிரிவினரும் கன்சர்வேடிவ் பிரிவினரும் இவற்றைக் கட்டாயமாக்குகின்றனர்; அமெரிக்காவின் சீர்திருத்தப் பிரிவில் சடங்குகள் அவ்வளவு இறுக்கமில்லை.

மதம் மாறியவர் எபிரேயப் பெயர் பெறுகிறார். தந்தை, தாய் பெயர் வரவேண்டிய இடத்தில் ஆபிரகாம், சாராள் என்று எழுதப்படும். மாறியவர் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஒப்பானவர் என்பது தல்மூதின் சொல். பெற்று வளர்த்தவர்களுக்கு இது எப்படி வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே சட்டம் மறுபக்கத்தையும் காக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிதிஸ், மதம் மாறியவர் யூதரல்லாத தம் தந்தையைச் சபிக்கவோ அடிக்கவோ அவமதிக்கவோ கூடாது, அவருக்கு மரியாதை காட்ட வேண்டும் என்று விதித்தார். புனிதம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று பிறர் சொல்ல இடந்தரக் கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். புதிய மரபு பழைய கடமையைத் துடைத்துவிடுவதில்லை. மதமாற்றத்தில் குடும்பங்கள் முதலில் அறியவேண்டிய செய்தி இதுதான்.

அமெரிக்காவின் கிறிஸ்தவக் குடும்பங்களில் எழும் அச்சங்கள் பல வகை. பக்தி மிகுந்த பெற்றோர், பிள்ளை மீட்பை இழந்துவிடுமோ என்று கலங்குவர். பக்தியில்லாதவர்கள், பிள்ளை அந்நியமாகிவிடுமோ என்று கலங்குவர். எங்கள் வளர்ப்பில் என்ன குறை என்ற கேள்வி இரு வீடுகளிலும் உண்டு. ஆகவே மன்றத்தின் நாள் குறிக்கும் முன்பே பெற்றோரிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது. பிறர் வாயால் கேட்டால் அவர்களுக்கு முடிவும் வலிக்கும், மறைத்ததும் வலிக்கும்.

கொள்கையைவிடச் சாப்பாட்டில்தான் சிக்கல் அதிகம். கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி பன்றி, இறால், நண்டு ஆகா, இறைச்சியும் பாலும் சேரக் கூடாது, பாத்திரங்களும் தனித்தனி. அம்மா சமைத்ததை மகள் மறுப்பது, எந்த வாதத்தையும்விட ஆழமாகத் தைக்கும். பழங்கள், கோஷர் முத்திரையிட்ட பொட்டலங்கள், காகிதத் தட்டுகள், மகளுக்கென ஒரு புதுப் பாத்திரம் என வழிகள் இருக்கின்றன. மகள் பொறுமையாக விளக்கினால் அம்மாவே அந்தப் பாத்திரத்தை வாங்கி வைப்பதுண்டு.

அடுத்தது காலம். வெள்ளி சூரிய மறைவு முதல் சனி இரவு வரை ஷப்பாத் என்னும் ஓய்வுநாள். கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் அப்போது தொலைபேசியைத் தொடுவதில்லை, வண்டி ஓட்டுவதில்லை. நண்பர்களின் வெள்ளி இரவு விருந்துகளும் உறவினரின் சனிக்கிழமைக் கல்யாணங்களும் கைநழுவும். வெள்ளி மாலைக்குள் வீட்டாரை அழைத்துப் பேசிவிடுவதும், நண்பர்களைத் தம் ஷப்பாத் விருந்துக்கே அழைப்பதும் இந்த இடைவெளியைக் குறைக்கும். கிறிஸ்துமஸில் பெற்றோர் வீட்டுக்கு விருந்தினராகப் போகலாம், வழிபாட்டில் சேர வேண்டாம் என்பது தாராளப் போக்குள்ள ராபிகள் பலரின் அறிவுரை. ஆர்த்தடாக்ஸ் ராபிகள் இதில் கண்டிப்பு மிகுந்தவர்கள்.

புகுந்த இடத்திலும் சோதனை உண்டு. மாறியவரிடம் அவருடைய முன்னோரின் செயல்களைச் சுட்டிப் பேசுவதைத் தல்மூத் தடை செய்கிறது. ஆயினும் துருவிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிற பிரிவினர் செய்த மதமாற்றத்தை ஆர்த்தடாக்ஸ் மன்றங்கள் ஏற்பதில்லை. இஸ்ரேலில் சீர்திருத்த, கன்சர்வேடிவ் பிரிவுகளில் மாறியவர்களுக்கும் குடியுரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது; யூதர்களின் திருமணப் பதிவோ இன்னும் ஆர்த்தடாக்ஸ் தலைமை ராபி அலுவலகத்தின் பிடியில்தான் இருக்கிறது.

மாற்றம் எப்போதும் குடும்பத்தை விட்டு விலகுவதாகவே அமைவதில்லை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டர் மெதடிஸ்ட் போதகரின் மகன், 1982இல் யூதரானார். அவருடைய தாய்வழிக் கொள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதர். அந்த உறவையும் தம் தேடலையும் 1988இல் வெளியான ‘லவ்சாங்’ என்னும் நூலில் எழுதினார்.

கடைசியாக எழும் கேள்வி மரணம் பற்றியது. யூதரல்லாத பெற்றோருக்காகத் துக்கம் அனுசரிக்கும் சட்டக் கடமை மாறியவருக்கு இல்லை. ஆயினும் இறந்த பெற்றோருக்காகச் சொல்லும் கத்தீஷ் பிரார்த்தனையை அவர்களுக்காகச் சொல்லலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் பெரிய ராபிகள் சிலர் அனுமதித்தனர். கட்டாயமில்லாத அந்தப் பிரார்த்தனையைப் பிள்ளை விரும்பிச் சொல்லும்போது, பெற்றோர் அஞ்சிய பிரிவு நேரவில்லை என்பது தெளிவாகிறது.