சுண்ணாம்புக் கொத்தனாருடன் சில சனிக்கிழமைகள்

என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி இப்போது இங்கிலாந்தில் மேற்படிப்பு படிக்கிறாள். வார இறுதி வந்தால் போதும், யார்க், பாத், கேன்டர்பரி என்று ஏதாவது ஒரு பழைய ஊருக்குத் தோழியோடு கிளம்பிவிடுவாள். கற்சுவர் முன்னால் நின்று எடுத்த படங்கள் எங்களுக்கு வந்து குவியும். மேடவாக்கம் விடுதி அறையில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் வரலாறு படிக்கும் என் அறைத்தோழி சொன்னாள்: “பிரிட்டிஷ்காரன் கட்டின ஊரைப் பாக்க பிரிட்டனுக்கு ஏன் போகணும்? வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறினா போதாதா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்கு 20 கி.மீ.க்குச் சற்று அதிகம். மற்றவர்கள் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு மாலுக்குக் கிளம்பும் சனிக்கிழமைகளில், நாங்கள் இருவரும் 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இடம் பிடித்த ஊரைப் பார்க்கக் கிளம்பினோம். அவள் கல்லறை வாசகங்களைப் படிப்பாள். நான் கட்டுமானப் பொறியியல் மாணவி என்பதால் சுவரைத் தடவிப் பார்ப்பேன்.

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28-இல் அர்ச்சிக்கப்பட்டது. சூயஸுக்குக் கிழக்கே உள்ள ஆங்கிலிக்கன் கோயில்களில் இதுவே பழையது என்பார்கள். ராபர்ட் கிளைவின் கல்யாணம் 1753-இல் இங்கேதான் நடந்தது. தோழிக்கு அந்தக் கல்யாணம் பெரிய செய்தி. எனக்குக் கூரை. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று மரமே சேர்க்காமல், செங்கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் வைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரும்புக் கம்பியில்லை, சிமெண்ட் இல்லை. முந்நூற்று நாற்பது வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ ஆலயம். தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் கட்டியது. அடியில் இளகிய மண் என்பதால் கிணறு கிணறாக இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார். உள்ளே வட்டமான குவிமாடம், அதைத் தாங்கும் 16 தூண்கள். பார்த்தால் பளிங்கு. விரலை வைத்தால் பளிங்கின் குளிர்ச்சியும் இருக்கிறது. பளிங்கு இல்லை, செங்கல் தூணின் மேல் பூசித் தேய்த்த சுண்ணாம்பு. ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று ஐரோப்பியப் பயணிகள் வியந்து வியந்து எழுதியது இந்தப் பூச்சைத்தான்.

இதைத் தேய்த்தது யார் என்று தோழியைக் கேட்டேன். அவளிடம் டி ஹாவிலண்டின் பெயர் இருந்தது. செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம், உயர் நீதிமன்றத்தை முடித்த ஹென்றி இர்வின், அவர்களுக்கு ஒப்பந்தக்காரராக இருந்த நம்பெருமாள் செட்டி வரை வரிசையாகச் சொன்னாள். அதற்குக் கீழே பெயர் இல்லை.

கீழே இருப்பவர்களைப் பார்க்க நாங்கள் வெகுதூரம் போகவில்லை. எங்கள் கூட்டுரோட்டிலேயே காலை ஆறரை மணிக்கு டீக்கடை வாசலில் கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்குக் காத்து நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆள் கணக்குச் சொல்லி வண்டியில் ஏற்றிப் போவார். அங்கே விசாரித்தபோது எல்லோரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். அறுபதைத் தாண்டியவர், திண்டிவனம் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். மேடவாக்கத்தில் வயல் இருந்த காலத்திலேயே குடிசை போட்டுத் தங்கியவர். “சுண்ணாம்பு வேலையா? எங்கப்பா செஞ்சாரு. நானும் செய்யறேன், வந்தா. வரலன்னா டைல்ஸ் ஒட்டறேன்” என்றார். அந்தச் சமயம் எழும்பூரில் ஒரு பழைய பங்களாவில் அவருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. வந்து பார்க்கலாமா என்றோம். “வாங்க பாப்பா. கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க. சுண்ணாம்பு தெறிச்சா கண்ணு போயிடும்.”

அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

பங்களாவில் முதல் வேலை பூசுவது அல்ல, பெயர்ப்பது. யாரோ எப்போதோ விரிசலுக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். கரண்டியின் காம்பால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். கணீரென்ற இடத்தை விட்டுவிட்டார். பொத்தென்று கேட்ட இடத்தில் கரித்துண்டால் வட்டம் போட்டார். “இங்க கைய வைங்க. ஜில்லுனு இருக்குல்ல? உள்ளாற தண்ணி நிக்குது. சிமெண்ட்ட பூசி வாய அடைச்சிட்டாங்க.” பெயர்த்துப் பார்த்தால் உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அதை மறிக்கும். மறிபட்ட ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கும். எங்கள் பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு இருந்தது.

பின்கட்டில் தொட்டி. சுட்ட சுண்ணாம்புக் கல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மூட்டையில் வருகிறதாம். அந்தக் காலத்தில் பழவேற்காட்டுக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுப் பயன்படுத்தினார்கள். மெட்ராஸ் பூச்சின் வெண்மைக்குக் கிளிஞ்சல்தான் காரணம் என்பது அவர் கட்சி. தண்ணீரில் போட்டதும் கல் சீறிக் கொதிக்கிறது, கிட்டே நிற்க முடியவில்லை. கொதிப்பு அடங்கியதும் வேலை முடிந்ததா என்றால் இல்லை. தண்ணீர் நிற்க வைத்து வாரக்கணக்கில் ஊற விடுகிறார்கள். ஊற ஊற வெண்ணெய் மாதிரி ஆகும். நீறாத குருணை ஏதாவது உள்ளே தங்கிவிட்டால் பூசியபின் ஈரம் பட்டு வெடித்து, சுவரில் அம்மைத் தழும்புதான்.

பக்கத்து டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் புளித்துக்கொண்டிருந்தன. வாடை தெருவரை வந்தது. அந்தத் தண்ணீரை வடிகட்டி ஊற்றித்தான் சுண்ணாம்பையும் மணலையும் அரைக்கிறார்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்றரையிலிருந்து மூன்று பங்கு மணல், பூச்சின் அடுக்கைப் பொறுத்து. முன்பு மாடு கட்டிய கல் உருளை வட்டப் பள்ளத்தில் சுற்றி அரைத்தது, இப்போது மோட்டார் வைத்த அரவை மிஷின். வெல்லம் கலவையை இளக்கமாக வைக்கும், கடுக்காயின் துவர்ப்பு இறுக்கத்துக்கு உதவும். மற்றபடி சுண்ணாம்பைக் கல்லாக்குவது காற்றுதான். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெதுவாக இழுத்து, சுடுவதற்கு முன்னால் தான் என்னவாக இருந்ததோ அதுவாகவே மறுபடி ஆகிறது. மாதக் கணக்கு, சில சமயம் வருஷக் கணக்கு ஆகும். அதனால் அடுக்கு அடுக்காகத்தான் பூச முடியும். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததைப் போட்டால் இரண்டும் சேர்ந்து விழும்.

தோழி ஒரு தாளை எடுத்து வந்திருந்தாள். செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர், மெட்ராஸில் நல்ல சாந்து எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதியது 1732 வாக்கில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்திருக்கிறது. வெல்லம், கடுக்காய், வேகவைத்த பயறு, மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று அதில் பட்டியல் இருக்கிறது. அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் முகம் அவருக்கு. “வெல்லம் சரி. கடுக்கா சரி. பயறுக்குப் பதிலா எங்கப்பா உளுந்து ஊறவெச்ச தண்ணி ஊத்துவாரு. முட்டை கடைசிப் பூச்சுக்கு மட்டும்தான். எல்லாத்துக்கும் முட்டை ஊத்துனா ஊருல கோழி மிஞ்சாது.” சிரித்துவிட்டுக் கேட்டார்: “இவ்ளோ எழுதுனவரு, யாருகிட்ட கேட்டுக்கிட்டாருன்னு எழுதலியா?”

எழுதவில்லை.

கடைசிப் பூச்சை அவர் ஒரு தூணில் செய்து காட்டினார். நைசாக அரைத்த சுண்ணாம்பு விழுதில் மாக்கல் பொடி. மிக மெல்லிசாக ஏற்றிவிட்டு, ஈரம் முழுதும் போவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க ஆரம்பித்தார். தொடங்கினால் நிறுத்த முடியாது. சாப்பாட்டு நேரம் வந்தது, அவர் இறங்கவில்லை. அழுத்திச் சுற்றிச் சுற்றித் தேய்க்கத் தேய்க்க மங்கல் விலகி ஒரு வெளிச்சம் ஏறுகிறது. அப்புறமும் சில நாள் தூணில் முத்து முத்தாக நீர் கசியுமாம். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கறை நிற்கும். சிஷோமின் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கிறவர்கள் ஒரு தூணை இப்படித் தேய்ப்பதையும் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். கட்டடக் கலை வரலாறு என்ற பெயரில் நமக்குச் சொல்லித் தருவது பாதிக்கதை என்று அப்போது புரியும்.

மிச்சப் பாதியிலும் பாதி பெண்களுடையது. பங்களாவின் மேல்தளம் மெட்ராஸ் ஒட்டு: தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாகக் கோணலாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து இறுக்கியது. அடித்தது சித்தாள் பெண்கள். வேலையிடத்தில் ‘ஆயா’ என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சித்தாள், சிறுமியாக இருந்தபோது தன் அம்மாவோடு தளம் அடிக்கப் போயிருக்கிறார். வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்களாம். கை தப்பாமல் இருக்கப் பாட்டு. எப்போது நிறுத்துவது என்று மேஸ்திரி சொல்ல மாட்டார். “கட்டை தானா எகிறும் கண்ணு. எகிறுச்சுன்னா தளம் ரெடி.” தளம் இறுகிவிட்டதா என்ற சோதனை அந்தப் பெண்களின் மணிக்கட்டில் இருந்தது. அவர்களுக்குக் கொடுத்தது சித்தாள் கூலி. இன்றைக்கும் அதே வேலையைத் தெரிந்த ஆயாவுக்கு, கலவை சுமக்கும் சித்தாளின் கூலிதான். கைகளைக் காட்டினார். விரலிடுக்குகள் சுண்ணாம்பு அரித்து வெளுத்திருந்தன. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதுதான் வைத்தியம்.

வேலையே இல்லாமல் இந்தக் கைத்தொழில் அழிகிறது என்று நினைத்துத்தான் போனேன். அப்படியில்லை. 1768-இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையில், 2012-இல் தீப்பிடித்துச் சிதைந்த கலச மகாலைப் பொதுப்பணித்துறை மீட்டெடுத்தது. அடுத்து, கூரை இடிந்து கிடந்த ஹுமாயூன் மகாலைச் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் கொண்டே எழுப்பியிருக்கிறார்கள். சென்ட்ரல் அருகே விக்டோரியா பப்ளிக் ஹாலிலும் மாநகராட்சி சுண்ணாம்புப் பூச்சோடு புதுப்பிக்கும் பணியை 2023-இல் தொடங்கியது. சுண்ணாம்புக்கு மதிப்பு திரும்பியிருக்கிறது. கொத்தனாருக்குத் திரும்பவில்லை.

காரணம் நேரக் கணக்கு. கீழ்நிலை ஒப்பந்தம் சதுர அடியில் பேசப்படுகிறது. ஊறும் வாரங்களுக்கும் இறுகும் நாட்களுக்கும் கூலி கிடையாது. அந்த இடைவெளியில் எங்கள் கொத்தனார் மேடவாக்கம், பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் டைல்ஸ் ஒட்டுகிறார், மகன் ஜிப்சம் சீலிங் போடுகிறான். “அவன் காலைல போட்டா சாயந்தரம் காசு. எனக்கு இந்தத் தூணு முடிய ஒரு மாசம். எவன் கத்துக்குவான்?” சிமெண்ட் ஜெயித்ததும் இப்படித்தான். லீட்ஸ் ஊர்க் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு 1824-இல் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் அதைத் தயாரிக்கும் ஆரம்ப முயற்சி ஒன்று 1904-இல் இதே சென்னையில், கிளிஞ்சலை மூலப்பொருளாக வைத்து நடந்து தோற்றது. பிறகு வடக்கே ஆலைகள் எழுந்தன, ஊற வைக்கத் தேவையில்லாத சாந்து ஊருக்கு ஊர் வந்தது.

என் பள்ளித்தோழி படம் எடுத்து அனுப்பிய யார்க் பேராலயத்துக்குச் சொந்தமாக ஒரு கற்பட்டறை இருக்கிறது. அங்கே இளைஞர்கள் சம்பளத்தோடு தொழில் பயில்கிறார்கள், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பக்கம் செப்பனிடும் பணி ஓடிக்கொண்டே இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து அங்கேயும் உண்டு. நம் பழைய கட்டடங்களின் எண்ணிக்கைக்குச் சென்னையில் அப்படி ஒரு பட்டறை நடத்துவது பெரிய செலவே அல்ல. பொதுப்பணித்துறையும் மாநகராட்சியும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தால்கூடப் போதும்: சுண்ணாம்பு ஊறும் நாட்களுக்கும் கூலி உண்டு, ஒவ்வொரு வேலையிலும் கற்றுக்கொள்ள இளம் ஆட்கள், பெண்களும் சேர்த்து, இருக்க வேண்டும். ஆயாவுக்குக் கொத்தனார் கூலி என்று மூன்றாவது வரியும் சேர்த்தால் நியாயமாக இருக்கும்.

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ தாத்தா கட்டிய ஒட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் விரிசல் கண்டதும் சிமெண்ட் மூட்டைக்குச் சொல்லிவிடாதீர்கள். மேடவாக்கம் கூட்டுரோட்டுக்குக் காலை ஏழு மணிக்குள் வந்து சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். ஏழரைக்கு வந்தால் டைல்ஸ் வேலைக்குப் போயிருப்பார்கள்.