வாப்பாவின் பதினொரு கோப்புகள்

வாசகர்களே, உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயோ கட்டிலுக்குக் கீழேயோ ஒரு பழைய கணனி தூசி பிடித்துக் கிடக்கிறதா? அதைப் பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு முன், நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பன்னிரண்டு. தரப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த அவசரத்தில் யார் அல்பம் தேடுவார்? உம்மாவின் கல்யாணப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதற்கு மிஞ்சியிருந்த சாட்சி வாப்பாவின் ஞாபகம் மட்டும்தான்.

2004 இல் புத்தளத்தில் ஒரு கணனி வாங்கினோம். அஸர் தொழுதுவிட்டு வந்து வாப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து சொல்லுவார்; நான் தட்டச்சு செய்வேன். எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு, யார் கடை வைத்திருந்தார், உஸ்மானியாவில் தன்னோடு படித்தவர்கள் யார் யார் என்று போகும். சில நாட்களில் பாதியில் நிறுத்தி, "இன்றைக்குப் போதும் மகள்" என்பார். அப்படிப் பதினொரு கோப்புகள் சேர்ந்தன. 2009 இல் வாப்பா வபாத்தானார். அதன் பிறகு அவற்றைத் திறந்து படிக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்மையில் மகனின் படிப்புக்காக மடிக்கணனி ஒன்று வாங்கினோம். பழையதை அகற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய கணனியின் முகப்புத் திரையில் இருந்த பதினொரு படங்களையும் பென் டிரைவில் பிரதி எடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று அதே கணனியில் வைத்தே திறந்தும் பார்த்தேன். எல்லாம் திறந்தன. நாளைக் காலை வந்து எடுத்துப் போகும்படி இரும்புக்காரருக்குச் சொல்லியனுப்பினோம்.

இரவு இஷாவுக்குப் பிறகு, ஏதோ ஒரு யோசனையில் பென் டிரைவை மடிக்கணனியில் போட்டேன். ஒன்றும் திறக்கவில்லை. மகன் பார்த்துவிட்டு, "உம்மா, இது கோப்பு இல்லை, ஷோர்ட்கட். மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கு பாருங்கோ" என்றான். அதாவது, நான் எடுத்து வந்தது வீட்டை அல்ல, வீட்டுக்கு வழிகாட்டும் பலகையை. பழைய கணனியில் திறந்ததற்குக் காரணம், உண்மையான கோப்பு அங்கேயே இருந்ததுதான். சகோதரிகளே, பிரதி எடுத்தால் அதை வேறொரு கணனியில் போட்டுத் திறந்து பாருங்கள். இதை எனக்கு முன்பே யாரும் சொல்லித் தரவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், இரும்புக்காரரைத் திருப்பியனுப்பிவிட்டோம். ஆனால் காலையில் பழைய கணனியைப் போட்டால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம், திரை கறுப்பு. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். கணனி திருத்தும் தம்பி அதைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். அந்தச் சத்தம் ஹார்ட் டிஸ்க் பழுதாவதன் அறிகுறியாம். திரும்பத் திரும்பப் போட்டால் இருப்பதும் போகுமாம். அவர் டிஸ்க்கைக் கழற்றினார். பழைய காலத்து நாற்பது ஊசி இணைப்பு அது. மடிக்கணனியில் நேரே பொருந்தாது. இடையில் ஒரு யூ.எஸ்.பி. இணைப்பியைப் போட்டார். எனது பெயரிலிருந்த கோப்புறை முதலில் அனுமதியில்லை என்று மறுத்தது. அதையும் சரிசெய்து, "வேறெதையும் பார்க்க வேண்டாம், தேவையானதை முதலில் எடுப்போம்" என்று பதினொன்றையும் எடுத்துத் தந்தார்.

வீட்டில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. "எல்லாம் பழுதாப் போச்சு உம்மா" என்றான் மகன். நான் முதல் வரியைப் பார்த்தேன். டி, எச், ஜி, ஓர் அரைப்புள்ளி, ஜி, எச். என் விரல்களுக்கு அது தெரியும். பாமினி விசைகளில் அது 'வாப்பா'.

யுனிகோட்டில் 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் சேர்ந்துவிட்டது. நாங்களோ வெகுகாலம் பாமினியில்தான் தட்டிக்கொண்டிருந்தோம். அதில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. தமிழாகக் காட்டுவது எழுத்துரு. மடிக்கணனியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அதே டிஸ்க்கின் விண்டோஸ் கோப்புறைக்குள், எழுத்துருக்கள் இருக்கும் இடத்திலிருந்து பாமினியையும் எடுத்து நிறுவினோம். வாப்பா பேசத் தொடங்கினார்.

ராத்தாவின் கைப்பேசிக்கு அனுப்புவதற்காக யுனிகோட்டுக்கும் மாற்றினேன். வாப்பா சொன்ன சில கடைப் பெயர்களை நான் ஆங்கிலத்திலேயே அடித்திருந்தேன். மாற்றும் செயலி அவற்றையும் பாமினி என்று நினைத்து, வாயில் நுழையாத தமிழாக்கி வைத்திருந்தது. ஆகவே மூலக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். அப்படித்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகு முழுவதையும் படித்தேன்.

மறுநாள் ராத்தா தொலைபேசியில் வந்தார். அழுதிருப்பது குரலில் தெரிந்தது. ஆனாலும் முதலில் சொன்னது, "கிணறு கிழக்குப் பக்கம் இல்லை, மாதுளை மரத்தடியில். வாப்பா பிழையாகச் சொல்லிட்டார்" என்றுதான். வாப்பாவின் வரியை நான் திருத்தவில்லை. அதன் கீழே ராத்தா சொன்னதை எழுதி, திகதியும் போட்டு வைத்திருக்கிறேன்.