சீட்டின் மறுபக்கம்



குருமனைச் சமையலறையின் பழைய கடப்பாக்கல் மேடை விரிசல் கண்டிருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். கடப்பாக்கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. எலுமிச்சையும் புளியும் பட்ட இடங்களில் வெளுத்துப்போகும். ஆகவே கருப்புக் கிரானைட் பதிக்கலாம் என்று சேகரக் கமிட்டி தீர்மானித்தது. வழக்கம்போல் மூன்று விலைப்புள்ளிகள் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மேடை ஒரு சுவரில் 10 அடி, மறு சுவரில் 6 அடி, அகலம் 2 அடி. ஆக 32 சதுர அடி. மூவரும் அளந்தது இதே மேடையைத்தான். முதலாமவர் சதுர அடிக்கு 165 ரூபாய் என்றார். மனம் குளிர்ந்தது. ஆனால் நான் கேட்கக் கேட்க, அவர் சீட்டின் மறுபக்கத்தில் எழுதத் தொடங்கினார்: ஓரம் உருட்டி மெருகேற்றுவது தனி, சிங்க் குழி வெட்டுவது தனி, வண்டி வாடகை தனி, பதிக்கும் கூலி தனி. கூட்டிப் பார்த்தால் 13,000 ரூபாயைத் தாண்டியது. இரண்டாமவர் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 450 கேட்டார், அது 14,400. மூன்றாவதாக வந்த மேஸ்திரியோ பள்ளிக்கூட நோட்டுத் தாளொன்றில் கல், ஓரம், குழி, வண்டி, தம் கூலி, இரண்டு கையாட்களின் கூலி என ஒவ்வொன்றாய் எழுதி, கீழே 12,800 என்று போட்டிருந்தார். எதையும் மறைக்காத தாள் அது ஒன்றே. (வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அடி விலையைக் கேட்குமுன், அதில் எது அடங்கவில்லை என்று கேளுங்கள்.)

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. அந்த மேஸ்திரியிடம் முதலாமவரின் சீட்டைக் காட்டி, "இவர் 165க்குத் தருகிறாரே" என்றேன். மறுபக்கத்தைக் காட்டவில்லை. உங்கள் காணிக்கைப் பணத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சற்று நேரம் தாளைப் பார்த்திருந்துவிட்டு 12,000க்கு இறங்கினார்.

சரக்கைக் குறைசொல்லி விலையை இறக்கிவிட்டு, அப்புறம் போய்த் தன் சாமர்த்தியத்தைப் பேசித் திரியும் ஒருவனை நீதிமொழிகள் 20:14 நமக்குக் காட்டுகிறது. அவனைக் குறித்து நான் பிரசங்கித்ததும் உண்டு. அன்று மாலை 800 ரூபாய் மிச்சமான கதையை என் மனைவியிடம் அவனைப் போலவே சொன்னேன்.

18 மில்லிமீட்டர் கனமுள்ள 10 அடிப் பலகை ஏறக்குறைய 90 கிலோ எடை இருக்கும். சிங்க் குழிக்கு முன்னால் எஞ்சும் பட்டை மிகக் குறுகியது. தூக்கும்போது அவ்விடத்தில் ஒருவர் தாங்கிப் பிடிக்காவிட்டால் கல் அங்கேயே முறிந்துவிடும். பதிக்கும் நாளில் மேஸ்திரியோடு ஒரே கையாள்தான் வந்தார். குழியண்டை நான் பிடித்தேன். பழக்கமில்லாத கை, கல் என் பக்கம் சாய்ந்தது. அது விழாமல் தாங்கிய மேஸ்திரியின் விரல் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கியது.

என் மனைவி துணி நனைத்துக் கட்டினாள். "இன்னொருவர் ஏன் வரவில்லை?" என்று கேட்டேன்.

"எண்ணூறு ரூபா குறைச்சிட்டீங்களே ஐயா. அது அவன் கூலிதான்."

அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கைத்தான் சொன்னார்.

உள்ளே போய் அந்தச் சீட்டை எடுத்துவந்து, மறுபக்கத்தைத் திருப்பி அவர்முன் வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே ஐயா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

800 ரூபாயை என் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தம் பையில் வைக்கவில்லை. கையாளிடம் கொடுத்து, சாயங்காலம் அவன் வீட்டில் சேர்த்துவிடச் சொன்னார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். இங்கேயும் எழுதிவிட்டேன்.

மறுநாள் இரண்டு கையாட்களும் வந்தார்கள். 6 அடிப் பலகையை மதியத்துக்குள் பதித்து முடித்தார்கள்.